நம்ம காசில் போட்ட தண்டவாளம் எங்கே? நம்ம ரோட்டை உடைக்கும் லாரிக்குக் கணக்கு எங்கே?



செம்பனார்கோயில் கடைத்தெருவில் காலை எட்டரை மணிக்கு நின்னு பாருங்க. ஜல்லி டிப்பர் போகுது. சிமெண்ட் லாரி போகுது. நெல் லாரி, உர லாரி, கன்டெய்னர் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா போகுது. நடுவில் சைக்கிளில் நம்ம வீட்டுப் பிள்ளை போகுது. ஒதுங்க இடம் உண்டா? ஒரு பக்கம் கடை, மறுபக்கம் சாக்கடை. பிள்ளை வீடு திரும்புற வரைக்கும் பெத்தவளுக்கு நெஞ்சு பதறுது.

இந்த ஊரை ஒட்டி ஒரு ரயில் பாதை இருந்தது. மயிலாடுதுறையில் கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி போய்ச் சேரும் 30 கிலோமீட்டர் பாதை. 1926-ல் ரயில் ஓடியது. 1980-களின் நடுவில் "நஷ்டம்" என்று சொல்லி இழுத்து மூடினார்கள். சுமார் நாற்பது வருஷம் ஆச்சு. தண்டவாளம் போச்சு. மேட்டில் கருவேலம் மண்டிக் கிடக்கு. அன்றைக்கு ரயில் சுமந்த சுமையை இன்றைக்கு நம்ம ரோடு சுமக்குது!

யார் காசில் போட்ட பாதை?

"ரயில்வே சொத்து, உங்களுக்கு என்ன பேச்சு?" என்று கேட்கும் அதிகாரிகளுக்குச் சரித்திரம் தெரியவில்லை. நாம் சொல்லுவோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்து மேல் ஒரு தனி வரி போட்டார்கள். ரூபாய்க்கு 3 தம்பிடி, அதாவது கால் அணா. எதுக்கு? ரயில் பாதை போட! அப்படி விவசாயியிடம் தம்பிடி தம்பிடியாக வசூலித்த பணத்தில்தான் ஜில்லா போர்டு 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் விட்டது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அது பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரைக்கும் போச்சு. தரங்கம்பாடி பாதையும் அதே ஜில்லா போர்டு போட்ட பாதைதான்.

நம்ம பாட்டன், பூட்டன் நெல் விற்ற காசு அந்த மேட்டுக்கு அடியில் கிடக்கு. வரி கொடுத்தவன் பேரனுக்குக் கேட்க உரிமை இல்லையா?

மூடினவனே திறந்த கதை

"மூடின பாதையைத் திறக்க முடியாது" என்பது பொய். பேரளம் – காரைக்கால் 23 கிலோமீட்டரையும் 1980-களில்தான் மூடினார்கள். அதையே மறுபடியும் அகலப் பாதையாகப் போட்டு 2025-ல் சோதனை ரயில் விட்டார்கள். நிலம் ரயில்வே கையில் இருந்ததால்தானே முடிந்தது? திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டரை 2004-ல் நிறுத்தினார்கள். அகலப் பாதை ஆக்கித் திரும்ப ரயில் விட்டது 2023 ஏப்ரலில். பத்தொன்பது வருஷம்! பிறந்த பிள்ளை காலேஜ் போயிடுச்சு, வேதாரண்யத்துக்கு ரயில் வரல. அந்தப் பத்தொன்பது வருஷமும் வேதாரண்யம் உப்பு எதில் போச்சு? லாரியில்தான் போச்சு.

திருவாரூர் – காரைக்குடி பாதையை 2019-ல் முழுசாகத் திறந்தார்கள். திறந்த லட்சணம் என்ன? கேட்டுக்கு ஆள் போடவில்லை. ரயிலிலேயே கேட் கீப்பரை ஏற்றிக்கிட்டு வந்து, ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்தி, அவர் இறங்கி அடைத்து, ரயில் தாண்டினதும் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறினார். 149 கிலோமீட்டர் போக அரை நாள். இப்படி ஓட்டினால் யார் ஏறுவான்? ஆள் ஏறலன்னா மறுபடி "நஷ்டம்" என்று எழுதுவார்கள். முதலில் சேவையைக் கெடுப்பது, பிறகு நஷ்டக் கணக்கு காட்டுவது, கடைசியில் மூடுவது. கிளைப் பாதைகள் இப்படித்தான் செத்தன.

இன்னொரு விஷயமும் கேளுங்க. அந்தக் காலத்தில் ஒரு வியாபாரி ஒரு வேகன், ரெண்டு வேகன் புக் பண்ணி நெல்லோ உப்போ அனுப்பலாம். பிறகு ரயில்வே, "முழு ரயிலாகக் கொண்டு வா, இல்லாட்டி வேண்டாம்" என்று மாற்றிக்கொண்டது. சின்ன ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்கு எல்லாம் பூட்டு. சின்ன வியாபாரியைத் துரத்திவிட்டு "சரக்கு வரல" என்று சொல்வது என்ன நியாயம்?

நஷ்டம் யாருக்கு?

ரயில் ஓடினால் நஷ்டம் என்கிறார்கள். லாரி ஓடினால் வரும் நஷ்டத்தை எந்த நோட்டில் எழுதுகிறார்கள்?

எடை கணக்கு பார்ப்போம். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றலாம் என்ற எடையைக் கூட்டியது. ரெண்டு அச்சு லாரி சுமையோடு சேர்த்து 16.2 டன் இருக்கலாம் என்பது 18.5 டன் ஆச்சு. மூணு அச்சு லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆச்சு. பார்க்க 14 சதவீதம்தான் கூடுதல். ஆனால் ரோடு சேதம் எடைக்கு எடை கூடுவதில்லை. அச்சில் சுமை ரெண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்கு ஆகும் என்பது ரோடு என்ஜினியர்கள் படிக்கும் பாடம். அந்தக் கணக்கில் 14 சதவீதம் எடை கூடினால் சேதம் 70 சதவீதம் கூடுது! சட்டப்படி ஏற்றினாலே இப்படி. ஓவர்லோடு ஏற்றினால்?

தார் ரோடு பிளக்குது. வாய்க்கால் மதகு இடியுது. மதகு இடிந்தால் கடைமடைக்குத் தண்ணி வராது. ரோடு போட்டவன் பில் வாங்கிட்டான், லாரிக்காரன் வாடகை வாங்கிட்டான், நஷ்டம் நம்ம வயலில் வந்து நிக்குது.

நெல் கணக்கு இன்னும் கொடுமை. நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகக் கட்டி அடுக்கிய நெல், லாரி வராமல் கிடக்குது. பழைய நெல் நகராமல் புது நெல்லை எடை போட மாட்டான். நாம் களத்தில் படுத்துக் காவல் காக்கணும். 2025 அக்டோபரில் என்ன ஆச்சு? மழை கொட்டியது, குறுவை நெல் குவியல் குவியலாக நனைந்து முளைத்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போச்சுன்னு நம்மைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். நகர்த்தாதவன் யார்?

ஒரு சரக்கு ரயிலில் 42 பெட்டியில் சுமார் 2,000 டன் நெல் போகுது. அதையே லாரியில் அனுப்ப நூறு லாரிக்கு மேல வேணும். நூறு லாரி நம்ம கடைத்தெருவைத் தாண்டுவது நல்லதா, ஒரு ரயில் ஊருக்கு வெளியே போவது நல்லதா? மத்திய அரசின் தேசிய ரயில் திட்டமே 2030-க்குள் நாட்டின் சரக்கில் 45 சதவீதம் ரயிலில் போகணும் என்று எழுதியிருக்கு. எழுதினால் போதுமா? கம்பெனிகள் சரக்கு முனையம் கட்ட 2021 டிசம்பரில் தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். கம்பெனிக்கு முனையம், நம்ம நெல்லுக்குத் தார்ப்பாயா?

நாம் லாரிக்காரனுக்கு எதிரி இல்லை. ராத்திரி பகலாக வண்டி ஓட்டுகிறவன் நம்மைப் போல உழைப்பாளி. ஓவர்லோடு ஏற்றச் சொல்லும் முதலாளியும் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரியும்தான் பதில் சொல்லணும். வயலில் இருந்து கொள்முதல் நிலையத்துக்கும், அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் லாரி வேணும். நூறு மைல், இருநூறு மைல் தூரத்துக்கு ஏன்?

ரயில் வந்தாலும் முறையாக வரணும். நீடாமங்கலம் கேட்டில் நின்னவனுக்கு இது தெரியும். தஞ்சாவூர் – நாகப்பட்டினம் ரோட்டை மறித்துக்கொண்டு என்ஜின் முன்னும் பின்னும் போகும், ஆம்புலன்ஸ் நிக்கும். ஊர் நடுவில் சரக்கு ரயிலை வைத்துக்கொண்டு ஷண்டிங் செய்தால் ஜனங்கள் ரயிலையே வெறுப்பார்கள். குற்றம் ரயிலில் இல்லை, திட்டம் போடாதவன் மேல.

நம்ம நஞ்சைக்குத்தான் ஆபத்து

ரோட்டில் லாரி கூடினால் அரசு என்ன செய்யும்? ரோட்டை அகலமாக்கும், புறவழிச்சாலை போடும். எங்கே? நம்ம நஞ்சையில்! கல் நட்டு, மண் கொட்டி, வடிகாலை அடைத்து, இந்தப் பக்க வயலுக்கு வெள்ளம், அந்தப் பக்க வயலுக்கு வறட்சி. ஏற்கனவே கையகப்படுத்தின ரயில் நிலம் முப்பது கிலோமீட்டருக்குச் சும்மா கிடக்கும்போது, சோறு போடும் நிலத்தில் ஏன் கை வைக்கணும்? அந்த மேட்டை இன்றைக்கு விட்டால் நாளைக்கு வணிக வளாகத்துக்குக் குத்தகை போகும். பிறகு ரயில் விட மறுபடியும் நம்ம வயலைத்தான் கேட்பார்கள்!

நமது கோரிக்கைகள்

1. மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் நிலத்தை உடனே அளந்து கல் நடு! விற்காதே, குத்தகைக்கு விடாதே! அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்கு முதலில் மனையும் பட்டாவும் கொடு!

2. அந்தப் பாதையை அகலப் பாதையாகப் போட்டு, பயணிகள் ரயிலோடு சரக்கு ரயிலும் விடு!

3. அகஸ்தியம்பள்ளி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை பக்கம் நெல்லும் உப்பும் தேங்காயும் ஏற்ற, ஊருக்கு வெளியே கூரை போட்ட சரக்குக் கொட்டகை கட்டு! அரை ரயில் சரக்கையும் ஏற்றிக்கொள்!

4. காலை, மாலை பள்ளிக்கூட நேரத்தில் கேட்டை அடைத்து ஷண்டிங் செய்யாதே! ஊருக்கு ஊர் மேம்பாலமோ, மழைத்தண்ணி தேங்காத சுரங்கப்பாதையோ கொடு!

5. மோட்டார் வாகனச் சட்டம் 115-வது பிரிவில் உள்ள அதிகாரத்தை வைத்து, பள்ளிக்கூட நேரத்தில் கடைத்தெருவில் கனரக வாகனத்துக்குத் தடை போடு!

6. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்லுது. டிரைவரை மட்டும் பிடிக்காதே, ஏற்றி அனுப்பும் முதலாளியிடம் வசூல் செய்! குவாரி வாசலிலேயே எடை போடு!

7. கொள்முதல் செய்த நெல்லை 48 மணி நேரத்துக்குள் நகர்த்து! நகர்த்தாமல் நனைந்தால் நஷ்டத்தை விவசாயி தலையில் கட்டாதே!

விவசாயிகளே!

மனு கொடுத்து ஓய்ந்துவிட்டோம் என்று உட்கார வேண்டாம். அடுத்த கிராம சபையில் இந்த ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடுங்க. தீர்மான நோட்டில் எழுதினதை நகல் வாங்கி வைங்க. ஊரில் எத்தனை மணிக்கு எத்தனை லாரி போகுது, கேட் எத்தனை நிமிஷம் அடைச்சிருக்கு, கொள்முதல் நிலையத்தில் நெல் எத்தனை நாள் கிடக்கு என்று இளைஞர்கள் ஒரு வாரம் எண்ணி எழுதுங்க. கலெக்டரிடமும் ரயில்வே கோட்ட மேலாளரிடமும் அந்தக் கணக்கோடு போய் நிற்போம். கணக்கு கையில் இருந்தால் "பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்ப முடியாது. அதற்கும் அசையவில்லை என்றால் மறியலுக்குத் தயாராவோம். நாள், இடம் கிளைக் கூட்டத்தில் சொல்லப்படும். குடும்பத்தோடு வாங்க!

கால் அணா கொடுத்து ரயில் வாங்கியவன் பரம்பரை நாம்!
பாட்டன் போட்ட பாதையை மீட்போம்!
பிள்ளை போகும் ரோட்டைக் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்