அசனப் பந்தியும் வளாகத்து நாய்களும்

நெல்லைச் சீமையின் சபைகளில் அசனப் பண்டிகைக்கு ஆயத்தக் கூட்டம் என்றால் அரிசி, ஆட்டுக்கறி, பந்தல், ஒலிபெருக்கி, இலை, தண்ணீர் என்று வரிசையாகப் பேசி முடித்து, எல்லாரும் எழுந்திருக்கும் வேளையில்தான் யாரேனும் ஒருவர் வளாகத்து நாய்களைப் பற்றி நினைவூட்டுவார். எங்கள் சபையில் இவ்வாண்டு அது முதற்பொருளாகவே வந்தது. ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்த சிறுமி ஒருத்தியை வளாகத்தில் திரியும் நாயொன்று கடித்துவிட்டதே காரணம். காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். பிள்ளை நலமாயிருக்கிறாள். ஆனால் ஆலயத்துக்கு வர மறுக்கிறாள். அவள் தாயின் முன்னால் நின்றுகொண்டு ஜீவகாருண்யம் பேச எவருக்கும் நாவெழாது, எங்களுக்கும் எழவில்லை.

கமிட்டியில் எழுந்த தீர்மானம் எளிமையானது. “ஐயரவாள், பூரா நாயையும் ஒரு குட்டியானையில ஏத்தி ஆத்துக்கு அங்கிட்டு கொண்டு விட்டுட்டா சோலி முடிஞ்சுது” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பலர் தலையசைத்தனர். அவர் நல்ல மனிதர். கடந்த பெருவெள்ளத்தில் இரவு பகலாய்ச் சோறு பொங்கிப் போட்டவர். ஆகவே இதனை அன்புக்கும் கொடுமைக்கும் இடையிலான வழக்காக ஆக்குவது பிழை. அந்த யோசனை பயன் தருமா என்பதே கேள்வி. தராது என்பதே நம் துணிபு.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வளாகத்தில் பிறந்த குட்டிகளில் ஒன்று சில மாதங்களாக எங்கள் வீட்டில் வளர்கிறது. கறுப்பி என்று பெயர். (2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்த பிறகு எங்கள் பக்கத்தில் இப்பெயரை வெறும் நிறப்பெயராகச் சொல்லிவிட முடிவதில்லை.) தமிழிலக்கியம் பயின்ற வீடாதலால், யானையின் நட்பை விலக்கி நாயின் நட்பைக் கொள்ளச் சொன்ன நாலடியாரை வருகிற மாணவரெல்லாம் நினைவூட்டுகிறார்கள். வேல் பாய்ந்த நிலையிலும் வாலாட்டும் நாயைப் பாடிய அப்புலவர், பால்பல் முளைத்த குட்டி விடைத்தாள் கட்டைக் கடித்துக் குதறுவதைப் பாடவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுப்புகிறாள். ஆலயமணி அடித்தால் கூடவே ஊளையிடுகிறாள். வாசற்படியில் கழற்றிய செருப்புகளுள் மறைதிரு விருந்தினருடையதை மட்டும் தேர்ந்தெடுக்கிறாள். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின் ஒரு மாதத்தில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் என்று கால்நடை மருத்துவர் குறித்துக் கொடுத்த அட்டை, இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இந்தக் குட்டியோடு வாழ்ந்ததில் நாங்கள் கற்றது, பெரும்பாலும், தின்பதைப் பற்றியது. நாய் சோறிருக்கும் இடத்தை மறப்பதில்லை. வெங்காயம் அதற்கு நஞ்சு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். இவ்விரண்டையும் அறிந்தபின் அசனத்து எச்சில் இலைக்குவியலை எண்ணிப் பாருங்கள். வெங்காயம் வதக்கிய குழம்பும் வெந்த எலும்பும்தான் அக்குவியல். பண்டிகை முடிந்து இரண்டு நாள், சில இடங்களில் அதற்கு மேலும், அது சுவரோரம் கிடக்கும். ஊரின் நாய்களுக்கெல்லாம் ஓலையனுப்பி வரவழைப்பது நாம். வந்தபின் விரட்டத் தீர்மானம் போடுவதும் நாம். இருக்கும் நாய்களைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பினாலும் இலை கிடக்கும் வரை அடுத்த தெரு நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். ஈற்றுக் காலம் சற்றேறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இருமுறை சினைக்கு வரும் பிராணி. கணக்கு நம் பக்கம் இல்லை.

அத்துடன், புதிதாய் வந்தவை ஊசி போடாதவை. ஓரிடத்து நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கு வெறிநோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாயை அகற்றிவிட்டு ஊசி போடாத நாய்க்கு இடம் விடுவது, அந்தச் சிறுமிக்கு நாம் செய்யும் பாதுகாப்பாகாது.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதில் கூட்டத்தில் பெருங்குழப்பம். உச்ச நீதிமன்றமே நாய்களை அகற்றச் சொல்லிவிட்டதே என்றார் ஒருவர். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். அப்பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது. 2025 ஆகஸ்ட் 11இல் தில்லி நாய்களைக் காப்பகங்களில் அடைக்கப் பிறந்த உத்தரவு, அதே மாதம் 22இல் திருத்தப்பட்டது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை மருத்துவம் முடித்துத் திரும்ப விடலாம் என்றாயிற்று. பின்னர் 2025 நவம்பர் 7இல், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள், பேருந்து, ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடலாகாது என்று உத்தரவானது. அப்பட்டியலில் வழிபாட்டிடங்கள் இல்லை. ஆனால் மிஷன் காலத்து ஊர்களில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே மதிலுக்குள் அல்லவா நிற்கின்றன! எங்கள் நாய்கள் காலையில் பள்ளி நாய்கள், மாலையில் கோயில் நாய்கள். எப்படி வாசித்தாலும், பள்ளி நாயைக் கருத்தடையும் ஊசியும் முடித்துக் காப்பகம் சேர்க்கச் சொன்னதே அந்த உத்தரவு. ஆற்றுக்கு அக்கரையில் இறக்கிவிட அது யாருக்கும் அனுமதி தரவில்லை. அக்கரையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேதத்தில் நாய்க்கு நல்ல பெயர் இல்லை என்றும் ஒருவர் வாதாடினார். பெரும்பகுதி உண்மையே. பவுலடிகள் அதனை வசையாகக் கையாள்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் நகரத்துக்குப் புறம்பே நிறுத்துகிறது. நம் பக்தி இலக்கியத்திலும் மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எடுத்த சொல் நாய்தான். ஆயினும் லாசருவின் புண்களை நக்க வந்தவை நாய்களே. ஐசுவரியவான் வீட்டிலிருந்து வேறெவரும் வாசலுக்கு வரவில்லை. கத்தோலிக்கர் தம் வேதத்தில் வைத்துப் போற்றும் தோபித்து ஆகமத்தில், வழிப்பயணம் போகும் இளைஞனோடு ஒரு நாய் சும்மா கூடவே நடக்கிறது. சீரோபெனிக்கியப் பெண்ணின் கதையில், மேசையின் கீழே சிந்தும் துணிக்கைகளைச் சுட்டி அவள் வழக்காடி வெல்கிறாளே, அங்கே கிரேக்க மூலத்திலுள்ள சொல் சிறுமைப்பொருள் விகுதி பெற்றது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கவனித்து ‘நாய்க்குட்டிகள்’ என்றே பெயர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது நாய். மொழிபெயர்ப்பு குறித்து இன்னும் சொல்லலாம். பிறிதொரு சமயம் பார்ப்போம்.

நாங்கள் கமிட்டியின் முன் வைத்தது பெரிய திட்டமன்று. பந்தி முடிந்த அன்றிரவே இலைகளை மூடிய வண்டியில் மாநகராட்சிக் கிடங்குக்கு அனுப்ப ஒரு செலவினம். அசனத்துக்கு முன்பே கருத்தடைக்கும் ஊசிக்கும் மாநகராட்சிக்குச் சேகரத்தின் பெயரால் ஒரு மனு. கடித்த நாயை மட்டும் தனியே பிடித்து, கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் வைத்தல். வாலிபர் சங்கத்தார் இருவர் பொறுப்பில், பிள்ளைகள் புழங்கும் வாசலுக்கு எட்டத்தில் ஓரிடம் குறித்து, அங்கன்றி வேறெங்கும் சோறிடுவதில்லை என்ற கட்டுப்பாடு. இறுதியாக, குட்டிகளை வீடுகளுக்குக் கொடுக்க ஆராதனை முடிவில் ஓர் அறிவிப்பு.

முதல் இரண்டும் நிறைவேறின. கடித்த நாயைப் பற்றி எவரும் மறுக்கவில்லை. சோறிடும் இடத்தைக் குறித்து வாக்குவாதம் முற்றி ஒத்திவைக்கப்பட்டது. அறிவிப்புக்கு ஐயரவாள் இசைந்தார். மீதமுள்ள குட்டிகள் நான்கு. குட்டியானை யோசனையைச் சொன்ன அந்த மூத்தவரிடம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம். “வீட்டுல கேக்கணும் சார்” என்றிருக்கிறார்.