பெருநாள் மகிழ்ச்சியும் பிறர் உறக்கமும்



பெருநாளுக்கு மறுநாள் திருச்சிக் குடும்பங்கள் பல முக்கொம்புக்குச் செல்வது வழக்கம். சென்ற பெருநாளில் நாமும் மதரஸா மாணவர்களுடன் அங்கிருந்தோம். மர நிழலில் அஸர் தொழுகைக்கு அணிவகுத்து நின்ற வேளையில், சைலன்சர் மாற்றப்பட்ட இருசக்கர வண்டிகள் வெடியோசையுடன் கடந்து சென்றன. கைக்குழந்தைகள் அலறின. ஓட்டிச் சென்றோருள் சிலர் புத்தாடையும் தொப்பியும் அணிந்த நம் பிள்ளைகளே. எனவே, ஒலி மாசுக்கான தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று நாம் கூறும்போது, பிறரை நோக்கி மட்டும் அதைக் கூறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலி வரம்பை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆயினும் எப்போதோ ஒருமுறை பிடிபடுவோர்க்கு அபராதம் ஓர் அச்சமாகத் தோன்றுவதில்லை. ஆதலால் முதல் தவறுக்கு எச்சரிக்கையும் அபராதமும், மறுமுறை இருமடங்கு, மூன்றாம் முறை கருவி பறிமுதல் என்று படிப்படியாக உயர்த்துவதே தக்கது.

“இச்சட்டம் நம்மீது மட்டும் பாயாதா?” என்று பெரியவர்கள் கேட்கின்றனர். நியாயமான அச்சமே. அதற்கு மருந்து சட்டத்தைத் தளர்த்துவதன்று, அளவீட்டைக் கட்டாயமாக்குவது. எந்த இடத்தில், எந்நேரத்தில், எத்தனை டெசிபல் என்று எழுதிக் கொடுக்காமல் எவர்மீதும் அபராதம் விதிக்கலாகாது. ஒலிமானிக்குக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கட்சி மேடை என்ற வேறுபாடு தெரியாது.

சென்னையிலிருந்து சென்ற தேவாலய வழக்கொன்றில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எம்மதமும் கூறவில்லை என 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பாங்கு மார்க்கத்தின் இன்றியமையாத பகுதி, ஒலிபெருக்கி அவ்வாறன்று என்று 2020ஆம் ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. இதைக் கேட்டு நாம் வருந்த வேண்டியதில்லை. பிலால் (ரலி) அவர்கள் ஒலிபெருக்கி கொண்டு அழைக்கவில்லை. சுப்ஹுடைய பாங்கை மனிதக் குரலில் சொன்னாலும் பாங்கு நிறைவேறிவிடும். எழ விரும்புவோர்க்குக் கைப்பேசி அலாரம் உண்டு.

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, சிலர் உரக்க ஓதக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் மற்றவர்க்கு இடையூறு செய்ய வேண்டாம் எனத் தடுத்தார்கள். குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த வரம்பு என்றால், நள்ளிரவு வரை நீளும் பயானுக்கும் நிக்காஹ் ஊர்வல வெடிக்கும் நாம் எதைச் சான்றாகக் காட்டுவோம்?

ஆகவே மாநகராட்சியும் காவல்துறையும் முன்வருமுன் ஜமாஅத்துகள் முன்வரட்டும். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி இல்லை என்று ஒவ்வொரு மஹல்லாவும் தீர்மானம் எழுதட்டும். பெற்றோர் தம் பிள்ளையின் வண்டியை ஒருமுறை இயக்கிக் கேட்கட்டும். அதன்பின் நாம் அதிகாரிகளிடம் நீதி கேட்டால், அச்சொல்லுக்கு எடை இருக்கும்.

அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் அமானிதமாகப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.