பயிற்சிக்கும் கூலி வேண்டும்



பெரிய ஆலோசனை நிறுவனங்களில் விடுமுறைப் பயிற்சிக்குச் சேர்ந்தால் புள்ளிவிவரம் திரட்டவும், அட்டவணை போடவும், அறிக்கை எழுதவும் கற்கலாம். ஊதியம் கொடுப்போர் உண்டு. சான்றிதழோடு நிறுத்திக்கொள்வோரும் உண்டு. சென்னையில் இரண்டு மாத அறை வாடகையை நான் யாரிடம் கேட்பேன்? வீரபாண்டி வயலில் நடவுக்குப் போகும் அம்மாவிடமா?

2024இல் மத்திய அரசு பிரதமர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. நல்ல திட்டமே! ஆனால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், முழுநேர மாணவராக இருக்கக்கூடாது என்றது. இருபது வயதில் கல்லூரியில் படிக்கும் என் போன்றோர் என்ன செய்வது?

நடவு பழக வந்தவளுக்கும் மாலையில் கூலி உண்டு. அறிக்கை எழுதப் பழகுபவனுக்கு மட்டும் கிடையாதா? ஊதியமில்லாப் பயிற்சி வசதியுள்ளவர்க்கே பயன்படும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும் அது கிட்ட வேண்டாமா? சிந்திப்போம்!