மழை வருமுன்னே கூலி போகிறது!

சித்திரை கழிந்து வைகாசி பிறந்துவிட்டது. நம் பாட்டன்மார் கப்பலேறிய ஊர்களில் இது கத்திரி வெயில் காலம். பஞ்சாங்கத்தை அவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் இந்நாட்டு வானம் அதற்குக் கட்டுப்படவில்லை. கேமரன் மலைக்கு ஏப்ரலும் மேயும் மழை மாதங்கள். அக்டோபர், நவம்பரில் மறுபடியும் ஒரு சுற்று. பிரிஞ்சாங்கில் காலையில் மலை முகடு துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருக்கும். பகல் சாப்பாட்டு நேரத்தில் முகில் திரளும். மூன்று மணிக்கு இடி இடிக்கும். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இவ்வேளையிலும் ஆபிஸ் தகரக் கூரையில் மழை அறைகிறது. கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தவர்கள் நிறுவைக் கொட்டகையில் நனைந்து நிற்கிறார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று நிலைபெறும் வரை உள்ள இடைக்காலம் இது என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. காற்று ஒரு திசையில் நிற்காது. பகல் வெப்பத்தில் ஈரம் மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். மே நடுவிலோ கடைசியிலோ தென்மேற்குக் காற்று நிலைத்தபின் செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதியில் மழை குறையும். முன்னறிவிப்பின் சாரம் இவ்வளவுதான்.

இதற்கும் நம் சம்பளச் சீட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

மலைக்கு வருமுன் நான் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதினேன். பெயர் வேண்டாம், அந்தத் தோட்டத்தை மட்டும் குற்றம் சொல்லி மற்றவற்றைத் தப்பவிட எனக்கு மனமில்லை. அங்கே இரவு ஒன்பது மணிக்கு மண்டோரின் கைத்தொலைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: "நாளை மழை. பெரட்டு இல்லை." யார் சொன்னது மழை என்று? வானிலைத் துறை சொன்னதாம். அத்துறை சொன்னதோ மாவட்டத்தில் சில இடங்களில் மழை பெய்யலாம் என்பதுதான். 'சில இடங்களில்' என்பதும் 'பெய்யலாம்' என்பதும் துரையின் அறையிலிருந்து மண்டோரின் கைக்கு வருவதற்குள் உதிர்ந்து போயின. பல நாட்களில் விடியற்காலை வானத்தில் நட்சத்திரம் மின்னியது. மரப்பட்டை காய்ந்து கிடந்தது. மரம் சீவ ஆளில்லை. ஆலையில் பழுது பார்க்கும் வேலை இருந்தாலும், ரப்பர் விலை சரிந்திருந்தாலும், அந்த வாரம் 'மழை' சற்றுத் தாராளமாகவே பெய்யும்!

அப்படிப்பட்ட ஒரு விடியலில் ஓர் அக்கா பெரட்டுக்கு வந்து நின்றார். அவரிடம் கைத்தொலைபேசி இல்லை. தலையில் விளக்கு, இடுப்பில் உளி. "வேலை இல்லையாம் அக்கா, வீட்டுக்குப் போங்க" என்று நானே சொல்லி அனுப்பினேன். பிறகு மேலிடத்து உத்தரவுப்படி செக்ரோலில் எல்லாருக்கும் போட்டதைப்போல் அவர் பெயருக்கு நேரேயும் 'வரவில்லை' என்று போட்டேன். சம்பள நாளன்று சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கிராணித் தம்பி, அன்னிக்கு நான் வந்தேனே! உங்க மூஞ்சியப் பார்த்துட்டுத்தானே திரும்பிப் போனேன். வரலன்னு போட்டிருக்கே?"

பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுதிய கை என் கை.

தோழர்களே, அந்த ஒரு சொல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒருநாள் கூலியை மட்டுமன்று. ஒரு சட்டத்தையே எடுத்துக்கொண்டது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு, முதலாளி மாதத்திற்கு 24 நாட்களுக்குக் குறையாமல் வேலை தரவேண்டும். தர இயலாமற் போனாலும், தரத் தவறினாலும், வேலை செய்யத் தொழிலாளி விருப்பமாக இருந்தால், அந்த நாட்களுக்கும் வேலை செய்தாற்போலவே கூலி கொடுத்தாக வேண்டும். வாரத்தில் 6 நாட்களுக்கு மேல் அந்தக் கணக்கில் சேராது. தொழிலாளி விருப்பமாக இருந்தாரா, உடல்தகுதியோடு இருந்தாரா என்று வழக்கு எழுந்தால் அதைத் தீர்ப்பவர் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர். துரையல்லர்.

'இயலாமற் போனாலும்' என்ற சொல்லைப் பாருங்கள். மழையை முதலாளி வரவழைக்கவில்லை என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார்கள். மழையின் நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அவர்கள் அப்போதே விடை சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் முழுவதும் 'விருப்பமாக இருந்தால்' என்ற ஓர் ஆணியில் தொங்குகிறது. விருப்பத்திற்குச் சாட்சி என்ன? பெரட்டுத் திடலில் வந்து நின்ற கால்கள்தாம் சாட்சி. முதல்நாள் இரவே பெரட்டை நிறுத்திவிட்டால் சாட்சியும் இல்லை, வழக்கும் இல்லை. வானிலை முன்னறிவிப்பு மக்களைக் காக்க வந்த விஞ்ஞானம். அதைக் கொண்டு 16ஆம் பிரிவைக் குழிதோண்டிப் புதைக்கலாம் என்று கண்டுபிடித்த மூளையை என்னென்பது!

"எங்கள் ஆட்களுக்கு நாள்கூலி இல்லை, கிலோவுக்குத்தான் கூலி" என்று சில நிர்வாகங்கள் சொல்லும். நல்லது. குறைந்தபட்ச ஊதிய ஆணையைப் புரட்டுங்கள். 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 1,700 வெள்ளி என்றிருக்கிறது. எடைக்குக் கூலி வாங்குகிறவரின் மாத வருமானமும் அதற்குக் கீழே போகக்கூடாது. ஆனால் வராத நாளுக்கு அதிலும் கழிக்கலாம் என்று நிர்வாகம் வாதாடும். ஆக அங்கும் இங்கும் அதே சொல்லில்தான் வந்து முட்டுகிறோம். அவர் வரவில்லையா, வந்தும் வேலை தரப்படவில்லையா?

மழையில் மரம் சீவு என்று எவரும் கேட்கவில்லை. நனைந்த பட்டையில் சீவினால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும். மங்கில் நீர் நிரம்பிப் பால் வீணாகும். வெட்டுப்பட்டையில் நோயும் பிடிக்கும். இது எந்தத் தொழிலாளிக்கும் தெரியும். ஆனால் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழைநீரைத் தடுக்கும் முறை ஒன்று உண்டே? கேரளத்தில் சிறு தோட்டக்காரர்கள்கூட மழைக்காலம் தொடங்குமுன் அதைக் கட்டிவிடுகிறார்கள். இங்கே கேட்டால் செலவு அதிகம் என்கிறார்கள். பாவாடை கட்டாமல் மிச்சம் பிடித்த காசு முதலாளியின் பெட்டியில். கட்டாததால் போன நாட்கள் நம் கணக்கில். நீதி எப்படி இருக்கிறது பார்த்தீர்களா?

இனிவரும் மாதங்கள் வறண்டவை, ஆகவே கவலையில்லை என்று சமவெளித் தோழர்கள் நினைத்தால் அதுவும் பிழை. மாத மழையளவு குறையும், உண்மைதான். ஆனால் நம் கூலி மழையின் அளவைப் பொறுத்ததா, மழை வரும் நேரத்தைப் பொறுத்ததா? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையில் இரவோடிரவாக உருவாகும் இடிமழை வரிசை ஒன்று, விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும் மேற்குக் கரையில் பாயும். மாலுமிகள் அதைச் 'சுமத்ரா' என்று அழைத்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் அடித்து ஓய்ந்துவிடும். பத்து மணிக்கு வெயில் பளிச்சென்று அடிக்கும். நகரத்தில் இருப்பவருக்கு அது இனிய காலை. பால் நன்றாகச் சுரப்பது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் என்பதால், மரம் சீவுகிறவருக்கு அன்றைய தினமே முடிந்து போயிற்று! மழைமானியில் சில மில்லிமீட்டர், செக்ரோலில் ஒருநாள். மலையில் எங்களுக்கு மாலை இடிமழை வேலையைப் பாதியில் நிறுத்துகிறது. சமவெளியில் உங்களுக்கு வைகறைச் சுமத்ரா வேலையைத் தொடங்கவே விடுவதில்லை. ஆகவே 'இம்மாதம் மழை குறைவு, நட்டமில்லை' என்று எந்த நிர்வாகமாவது கணக்குக் காட்டினால், எத்தனை மணிக்குப் பெய்தது என்று கேளுங்கள்.

பருவத்தின் பெயரை நம்பி ஏமாந்த கதை உயிர் விஷயத்திலும் உண்டு. 2011 ஆகஸ்ட் 7 அன்று, பொதுவாக மழை குறைந்த பருவம் என்று சொல்லப்படும் அதே காலத்தில், பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை ருவில் பூர்வகுடிக் கிராமத்தில் மலை சரிந்து 7 பேர் மாண்டனர். 2024 ஜனவரி 26 விடியற்காலையில் புளூ வேலி வட்டாரத்தில் மண் சரிந்து மியன்மார் நாட்டவர் 5 பேர் உறக்கத்திலேயே புதையுண்டனர். தொடர்மழைக்கு வானிலைத் துறை மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது: வஸ்பாடா, புரோக், பஹாயா. மலாய் படிக்கத் தெரிந்தவருக்கு விளங்கும். இன்று தேயிலை மலைகளில் நம்மோடு தோள் சேர்த்து நிற்கும் வங்காளதேசத் தோழருக்கும் நேப்பாளத் தோழருக்கும் யார் வாசித்துச் சொல்வது? பெரட்டை நிறுத்துவதற்குப் பறந்து வரும் செய்தி, சரிவோர லயத்தைக் காலி செய்யச் சொல்ல மட்டும் ஏன் நொண்டுகிறது?

(குளிர்மலையில் இருப்பவனுக்கு வானிலை என்ன தெரியும் என்று சமவெளிக் கிராணி நண்பர் ஒருவர் கேலி செய்வார். இந்நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, 7.8 பாகை செல்சியஸ், 1978 பிப்ரவரி 1 அன்று இந்தக் கேமரன் மலையில்தான் பதிவாயிற்று. அந்தக் குளிரிலும் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.)

வானிலையைச் சட்டத்திற்குள் கொண்டுவர முடியாதென்பதும் பொய். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. தொழிற்சங்கம் வைக்க அயல்நாட்டுத் தொழிலாளருக்கு உரிமையில்லாத நாடு அது. அங்கேயே நாட்காட்டியும் கடிகாரமும் பார்த்து விதி எழுத முடிந்ததென்றால், சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் உள்ள இந்நாட்டில் முடியாதா? மழைநாள் கூலிக்காகவும் மாதச் சம்பளத்திற்காகவும் நம்மவர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள்! 1990இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தமே செய்தது. அந்தப் போராட்டத்தின் அடிவேரில் நனைந்து கிடந்தது இதே மழைதான்.

இப்போது கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நாம் தொழிலாளியா, நிர்வாகமா என்ற பழைய சந்தேகம் நம்மிற் பலருக்கு இன்னும் தீரவில்லை. மேசை நாற்காலி கிடைத்ததும் துரையின் பேனாவாகிவிடுகிறோம். செக்ரோல் எழுதும்போது மட்டும் நீங்கள் நடுநிலையில் இருப்பதாக எண்ணாதீர்கள். 'வந்தார், வேலை தரப்படவில்லை' என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் பக்கம் நிற்கிறீர்கள், அது உண்மையும்கூட. 'வரவில்லை' என்று எழுதினால் பொய் எழுதுகிறீர்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறீர்கள். பொய் எழுதச் சொல்லும் உத்தரவைக் கடிதத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக உறுமியவர் எழுதித் தரும்போது எப்படி நெளிகிறார் என்று பார்க்கலாம்.

மரம் சீவும் தோழர்களுக்கும் கொழுந்து பறிக்கும் தோழர்களுக்கும்: இரவில் எந்தச் செய்தி வந்தாலும் பெரட்டுக்குப் போய் நில்லுங்கள். மின்னல் அடித்தால் கொட்டகைக்குள் நில்லுங்கள், திடலில் வேண்டாம். தனியாக அல்ல, கூட்டமாகப் போங்கள். மண்டோர் வரவில்லையென்றால் நின்றவர்களின் பெயரையும் மணியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். மண்டோரின் இரவுச் செய்தியை அழித்துவிடாதீர்கள். வேலை இல்லையென்று அவர்களே சொன்னதற்கு அதுவே சாட்சி.

கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நம் தலைவர்கள் இதையும் மேசையில் வைக்கவேண்டும். முன்னறிவிப்பைக் காட்டிப் பெரட்டை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அது வேலை தரப்படாத நாள் என்றே பதிவாக வேண்டும். வானிலை எச்சரிக்கை தமிழிலும், அங்கு வேலை செய்யும் மற்றத் தோழர்களின் மொழிகளிலும் பெரட்டுக் கொட்டகையில் ஒட்டப்பட வேண்டும். மழைப் பாவாடைச் செலவு தோட்டத்தைச் சேர்ந்தது.

அந்த அக்கா இப்போது வேறு தோட்டத்திற்குப் போய்விட்டார் என்று கேள்வி. அவருடைய அந்த மாதச் சீட்டின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. 19 நாள் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அதைக் கொண்டு வருகிறேன். ஏப்ரல், மே மாதச் சீட்டுகளை நீங்களும் கொண்டு வாருங்கள்.