செவிலியர் பணியும் சமூக வலைத்தளங்களும்

புணே நகரில் இராணுவக் குடியிருப்பை ஒட்டி அமைந்த பகுதி கோர்படி. அதற்கு அண்மையிலுள்ள வானவடியில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது; அதனைச் சார்ந்த செவிலியர் கல்லூரி 1964-இல் தொடங்கிற்று. அங்குப் பயிற்சி முடித்தோர் நாட்டின் பல மூலைகளிலும் உள்ள இராணுவ மருத்துவமனைகளுக்குப் பணியாற்றச் செல்கின்றனர். உடன் பயின்றோரைப் பின்னர் இணைத்து வைப்பது முன்னாளில் கடிதம். இந்நாளில் கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப் குழு. இம்மாறுதல் படைச் செவிலியருக்கு மட்டும் உரியதன்று. கிராம சுகாதாரச் செவிலியர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை அனைவரும் இதனுள் அடங்குவர். எனவே, இக்கருவிகளைத் தொழிலுக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்பதைச் சிந்திப்பது அவசியமாகிறது.

செவிலியர் தமக்குள் தொடர்பு கொள்ள விரும்புவது புதிய செய்தியன்று. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908-இல் தோன்றியது. 1910-இல் செவிலியர்க்கென ஓர் ஆங்கில இதழும் வெளிவரலாயிற்று. அத்தகைய இதழுக்கும் இன்றைய கருவிக்கும் உள்ள வேற்றுமை வேகம் மட்டுமன்று. இதழில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே பதிப்பாசிரியர் ஒருவர் இருந்தார், பிழையானதை நீக்கினார், வெளியிடத் தகாததை நிறுத்தினார். கைப்பேசியில் அப்படி ஒருவர் இல்லை. அனுப்பும் செவிலியரே அப்பொறுப்பையும் ஏற்க வேண்டியவராகிறார். அதற்கான பயிற்சியை நாம் அவருக்கு அளித்திருக்கிறோமா என்பதே இங்கு எழும் கேள்வி.

இக்கேள்வியின் கனத்தைத் தமிழ்நாடு 2017-இல் அனுபவத்தால் உணர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைகள் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் வரை அனைவருக்குமெனத் தொடங்கப்பெற்றது. பள்ளிகளே முக்கியக் களங்கள். ஆனால் ஊசியைப் பற்றிய ஆதாரமற்ற வதந்திகள் வாட்ஸ்அப் வழியாகப் பரவின. பெற்றோர் பலர் இசைவு தர மறுத்தனர். இயக்கத்தைக் குறித்த காலத்திற்கு மேலும் நீட்டிக்க நேர்ந்தது. ஊசியுடன் பள்ளி வாயிலில் நின்ற செவிலியரும், பெற்றோரின் கேள்விகளை எதிர்கொண்ட ஆசிரியரும் அந்நாட்களை எளிதில் மறக்க இயலாது. பொய் வீடுதோறும் நுழைந்த அதே வழியில் மெய்யும் சென்றிருக்கலாம். ஊரார் நன்கறிந்த செவிலியர் தம் குரலில் பதிவு செய்து அனுப்பும் இரண்டு நிமிட விளக்கம், அச்சிட்ட அறிக்கையினும் அதிக நம்பிக்கையை ஊட்டும் என்பது என் கருத்து.

நன்மை இவ்வாறிருக்க, தீமையையும் மறைத்தல் தகாது. புண்ணின் படம் ஒன்றை மருத்துவ அலுவலருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பது பயனுள்ள செயலே. ஆயின் அப்படம் குழுவில் இடப்பெற்றால் அதிலுள்ள ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. இடமாற்றம் பெற்றுச் சென்றவரும் குழுவில் தொடர்ந்து இருப்பதுண்டு. வீட்டுக் குழந்தைகள் அக்கைப்பேசியை எடுத்து விளையாடுவதும் உண்டு. செய்தி செல்லும் வழியில் பிறர் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டிருப்பினும், சென்றடைந்த இடத்தில் அப்பூட்டு காவல் செய்யாது. பெயரை மறைத்தால் போதும் என்பாரும் உளர். சிற்றூரில் தெருவும் பிரசவ நாளும் தெரிந்தால் பெயர் எதற்கு?

மருந்தளவிலும் எச்சரிக்கை வேண்டும். 0.5 மில்லிகிராம் என்பதில் முன்னுள்ள சுழியை விட்டுத் தட்டச்சு செய்தால், புள்ளி கண்ணில் படாமல் 5 என்று படிக்கப்படலாம். அளவு பத்து மடங்காகிவிடும். எனவே கைப்பேசியில் வந்த ஆணையைத் திரும்பக் கூறி உறுதி செய்து, நோயாளியின் பதிவேட்டில் உடனே எழுத வேண்டும். உரையாடல் ஒருபோதும் பதிவேடு ஆகாது.

இவற்றையெல்லாம் கண்டு, முற்றிலும் தடை செய்வதே நன்று எனச் சிலர் வாதிக்கின்றனர். 2020 ஜூலையில் இந்திய இராணுவம், முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளைத் தன் பணியாளர் நீக்கிவிட வேண்டுமென ஆணையிட்டது. நாட்டின் பாதுகாப்பைக் கருதிய அம்முடிவிற்குத் தக்க காரணம் உண்டு. பொது மருத்துவமனைகளுக்கு அதே முறை பொருந்தாது. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், மருத்துவர் வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியே ஆலோசனை தரவும், சுகாதார ஊழியர் அதற்குத் துணைநிற்கவும் இடமளித்துள்ளன. அனுமதிக்கப்பட்ட கருவியை அஞ்சி ஒளித்துப் பயன்படுத்தும் நிலையே பெரும் ஆபத்து.

சட்டமும் தன் எல்லையை வகுத்துள்ளது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளதை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2023-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தண்டனைக்கு அஞ்சுவதைக் காட்டிலும் பழக்கத்தால் ஒழுகுவதே உறுதியானது. 2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்ஸி. செவிலியர் பாடத்திட்டத்தில் தகவலியல் ஒரு பாடமாக இடம்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கது. அதனைத் தேர்வுக்குரிய குறிப்புகளாக்கிவிடாமல், ஒவ்வொரு வாரமும் ஒரு செய்தியை மாணவியர் முன் வைத்து, ‘இதனை அனுப்பலாமா? யாருக்கு? எதனை நீக்கிய பின்?’ என்று ஆசிரியர் விவாதிக்கச் செய்ய வேண்டும்.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. அலுவல் முறையான தொடர்புச் சாதனத்தை அளிக்காமல், செவிலியர் தம் சொந்தச் செலவில் வாங்கிய கைப்பேசியையே நம்பி வேலை வாங்கிவிட்டு, தவறு நேர்ந்தபின் அவரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது. குழுவில் யார் இருக்கலாம், பணி மாறியவரை யார் நீக்குவது, படங்களை எப்பொழுது அழிப்பது என்பனவற்றை எழுத்தில் வரையறுக்க வேண்டும். பணி நேரம் முடிந்தபின் வரும் செய்திகளுக்கும் வரம்பு தேவை.

விளக்கேற்றி உறுதிமொழி கூறும் நாளில், நோயாளி நம்பி உரைத்ததைக் காப்பேன் என்று செவிலிய மாணவி வாக்களிக்கிறாள். அவ்வுறுதிமொழி 1893-இல் இயற்றப்பட்டபோது கைப்பேசி இல்லை. ஆனால் நோயாளியின் நம்பிக்கை அன்றும் இன்றும் ஒன்றே. கருவி எதுவாயினும், அந்நம்பிக்கைக்கு ஊறு நேராதவரை அது செவிலியருக்குத் துணையாகும். கள ஊழியரும் ஆசிரியரும் இதனை மனத்திற்கொண்டு, அனுப்புமுன் ஒரு கணம் நின்று எண்ணும் வழக்கத்தைத் தம்மிடமிருந்தே தொடங்குவார்களாக.