வங்கத்துப் பாட்டும் நமது வயற்பாட்டும்

சென்ற வாரம் இராஜபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் சங்கீதத்தைப் பற்றித் தர்க்கம் மூண்டது. காலஞ்சென்ற வங்கத்து இசையமைப்பாளர் ஸ்ரீ ஸலில் சௌத்ரியைப் புகழ்ந்து நாம் இரண்டொரு வார்த்தை சொன்னோம். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. "வங்காளியிலும் ஹிந்தியிலும் சினிமாவுக்கு மெட்டுப் போட்டவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், வக்கீல் ஸார்? உங்கள் பத்திரிகையில் எழுத இந்த ஊரில் விஷயமா இல்லை?" என்றார். கேள்வி நியாயமானது. சம்பந்தம் உண்டு என்பது நமது கட்சி. அதை நேயர்கள் முன்னிலையிலேயே வாதித்துவிடுகிறோம்.

ஸ்ரீ சௌத்ரியின் தகப்பனார் அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டர். அங்கு முன்பு உத்தியோகம் பார்த்த ஐரிஷ்காரர் ஒருவர் விட்டுச்சென்ற கிராமபோன் பெட்டியும் மேல்நாட்டு இசைத்தட்டுகளும் அவர் வீட்டில் இருந்தன. வீட்டுக்குள்ளே மோஸார்ட், வெளியே தோட்டக் கூலிகளின் பாட்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளை கல்கத்தாவில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1943-ம் வருஷத்து மகா பஞ்சம் வங்கத்தைச் சூறையாடிற்று. லக்ஷக்கணக்கான ஜனங்கள் சோறின்றி மாண்டனர். அதைக் கண்ணாரக் கண்டவருக்குக் கல்லூரிப் படிப்பு எவ்வளவு ருசித்திருக்கும்! அவர் விவசாயிகள் இயக்கத்தில் சேர்ந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்துக்காகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, கிராமந்தோறும் பாடினார். வெள்ளையர் சர்க்கார் அவருடைய பாடல்கள் சிலவற்றைத் தடை செய்தது. போலீஸாருக்கு அகப்படாமல் அவர் தலைமறைவாகவும் இருக்க நேர்ந்தது.

அக்காலத்துப் பாடல்களில் ஒன்று, 1945-ல் பிறந்தது, நீதிபதியையே கூண்டில் ஏற்றி, விழித்தெழுந்த ஜனங்கள் உம்மை விசாரிப்பார்கள் என்று எச்சரிக்கிறது. கோர்ட்டில் காலந்தள்ளும் நமக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது பாட்டின் பொருளை மட்டுமல்ல. அதன் மெட்டு வங்கத்துப் பாமரர் வழிவழியாகப் பாடிவந்த பக்திக் கீர்த்தனத்தின் நடையில் அமைந்தது. கேட்டவனுக்கு வார்த்தை புதிது. ராகமோ அவனுடைய பாட்டன் சொத்து. ஆகவேதான் ஒரு தடவை கேட்டவன் மறுதடவை கூடவே பாடினான்.

1949-ல் ஹேமந்த முகர்ஜியின் குரலில் வந்த ஒரு பாட்டு கிராமத்து மணப்பெண் ஒருத்தியின் இல்லறம் பஞ்சத்தில் சிதைந்த கதையைச் சொல்லிற்று. அதில் போர் முழக்கம் போதவில்லை என்று தோழர்களிலேயே சிலர் முணுமுணுத்தார்களாம். தேசத்தொண்டர்களின் சங்கீத ரசனை எக்காலத்தும் இப்படித்தான் போலும்.

பிறகு சினிமா. ஸ்ரீ சௌத்ரி எழுதிய ரிக்ஷாக்காரன் கதையை ஸ்ரீ பிமல் ராய் 1953-ல் "தோ பீகா ஜமீன்" என்ற பெயரில் ஹிந்திப் படமாக்கினார், சங்கீதமும் சௌத்ரியுடையதே. ஒரு ஏக்கருக்கும் குறைந்த இரண்டு பீகா நிலத்தை வைத்துப் பிழைக்கும் குடியானவன், அவ்விடத்தில் ஆலை கட்ட விரும்பும் ஜமீன்தாரிடம் அதை இழக்காமலிருக்க, கல்கத்தாவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கிறான். கடைசியில் நிலமும் போகிறது. 1936-ல் இராஜபாளையம் மில் ஏற்பட்டது முதல் ஆலைச் சங்கின் ஓசையில் விழித்தெழும் ஊர்க்காரர்களுக்கு இக்கதை அந்நியமாயிராது. ஆலையைப் பழிப்பது நமது நோக்கமன்று. அதனால் அடுப்பெரிந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வயலை விட்டு ஆலைக்குள் போனவன் எதையெதை வெளியே வைத்துவிட்டுப் போனான் என்பதே கேள்வி. அவன் வைத்துவிட்டுப் போனவற்றில் பாட்டும் ஒன்று.

1958-ல் "மதுமதி" அவரைப் பம்பாயில் முதல் வரிசையில் அமர்த்திற்று. அதே ஆண்டில் அங்கே இளைஞர்களைச் சேர்த்துக் குழுவிசைச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். 1961-ல் "சாயா" என்ற படத்தில் மோஸார்ட்டின் 40-வது ஸிம்பொனியைத் தழுவி ஒரு காதற்பாட்டு அமைத்தார். ரசிகர்கள் இன்றளவும் அதைச் சிலாகிக்கிறார்கள். நம்மைக் கேட்டால் அது சாமர்த்தியம், அவ்வளவே. 1965-ல் ராமு காரியாத்தின் "செம்மீன்" மலையாளப் படத்துக்காகக் கடற்கரைச் செம்படவர்களின் துடுப்பு அசைவையும் ஆனந்தத்தையும் பிடித்து அவர் தந்தாரே, அதுதான் மேதை. அப்படம் தென்னாட்டுக்கு முதன்முதலாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை வாங்கித் தந்தது.

தமிழர்களாகிய நாம் அவருக்குச் செய்த உபசாரம் என்ன? அதே காரியாத் "கரும்பு" என்றொரு தமிழ்ப் படம் எடுத்தார். சிலப்பதிகாரத்துக் கானல் வரியில் கோவலன் காவிரியை விளித்துப் பாடும் பாட்டுக்கு அதில் ஸ்ரீ சௌத்ரி மெட்டமைத்தார். ஸ்ரீமதி சுசீலாவும் ஸ்ரீ ஜேசுதாஸும் பாடியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பாட்டு பிழைத்தது, படம் கொட்டகைக்கு வரவேயில்லை. 1979-ல் "அழியாத கோலங்கள்", 1980-ல் "தூரத்து இடி முழக்கம்" என விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களோடு அவருடைய தமிழ்க் கணக்கு முடிந்தது. 1995 செப்டம்பரில் அவர் கல்கத்தாவில் காலமானார்.

ஆயினும் வேறொரு வழியில் அவர் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார். அவருடைய வாத்தியக் குழுவில் கித்தார் வாசித்த இளைஞர் ஒருவர் மேற்கு மலைக்கு இப்பாலுள்ள பண்ணைப்புரத்துக்காரர். அவரே பின்னாளில் ஸ்ரீ இளையராஜா எனப் புகழ் பெற்றார். அவர் தமையனார் பாவலர் வரதராஜன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டக் கூலிகளிடையே பாடியே ஓட்டுச் சேகரித்தவர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துப் பாட்டையும் தேவிகுளம் தேயிலைத் தோட்டத்துப் பாட்டையும் கேட்ட செவிகள் சென்னையில் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்தன. எவரும் திட்டமிட்டதன்று!

வங்காளி நமது இளங்கோவைத் தொடலாமா என்று கேட்போர் ஒரு கணம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். ஆண்டாள் அவ்வூரில் பாடிய திருப்பாவை முப்பதுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுக்களைத்தான் இன்று தமிழ்நாடெங்கும் மார்கழியில் கேட்கிறோம். மெட்டமைத்தவர் அயலூரார் என்று ஆண்டாளின் ஊர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை.

இனி, நண்பர் கேட்ட உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளத்துக் கண்மாய்ப் பாசன வயல்களில் நாற்று நட்ட பெண்கள் பாடியதை நாம் பாலப்பருவத்தில் வரப்பில் நின்று கேட்டதுண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். கைகளெல்லாம் ஒரே தாளத்தில் சேற்றில் இறங்கும். இன்று அந்தப் பாட்டில் முதலடி நமக்கு நினைவிருக்கிறது. மெட்டு நினைவில் இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கவலை ஏற்றம் போய்ப் பம்புசெட்டு வந்தது, ஏற்றப்பாட்டு நின்றது. சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி ஓட்டத்துக்கு நடுவே மனிதன் குரல் எடுபடாது. நடவுக்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. இடுப்பொடியும் வேலை குறைவதற்காக நாம் வருந்தவில்லை. வருந்துகிறவன் ஒருநாள் நட்டுப் பார்க்கட்டும்.

இப்பாடல்களை யாரும் மதிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. பாரதியார் குயில் பாட்டில் ஏற்றப்பாட்டுக்கும் நெல்லிடிக்கும் பெண்களின் பாட்டுக்கும் தம் மனத்தைப் பறிகொடுத்திருக்கிறார். பேராசிரியர் நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் அரும்பாடுபட்டுத் தொகுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அச்சேறியது பெரும்பாலும் சொல்தான். மெட்டு பாடியவளின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. மதுரையில் விஜயலக்ஷ்மி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் குரலோடு சேகரித்தது பெரிய தொண்டு. ஒரு குடும்பத்தின் உழைப்பை நம்பி ஒரு நாடு சும்மா இருக்கலாமா? சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நாளை ஒரு சௌத்ரி இங்கே தோன்றினாலும் அவன் எதைக் கொண்டு கட்டுவான்?

முன்னாள் சென்னை முதன்மந்திரி ஸ்ரீ குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டைக் கொடுத்து இராஜபாளையத்தில் காந்தி கலைமன்றம் கண்டார். வீட்டையே கொடுத்தவரின் ஊரில் ஒலிப்பதிவுகளை வைக்க ஒரு அலமாரி கிடைக்காமற் போகாது. இவ்விரு ஊர்க் கல்லூரி மாணவர்களின் சட்டைப் பையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு வேறு யந்திரம் தேவையில்லை. மம்சாபுரத்திலும் சேத்தூரிலும் எழுபது, எண்பது வயதுப் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பாடச் சொன்னால் முதலில் நாணுவார்கள். ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்து உட்கார்ந்தால் பாடுவார்கள். பாடுபவரின் பெயரும் ஊரும் அவர் சம்மதத்தோடு உடன் பதியப்பட வேண்டும். பணம் வந்தால் பங்கும் அவருக்குச் சேர வேண்டும். இவ்விஷயத்தில் பத்திரம் எழுதித்தர நாம் பீஸ் வாங்க மாட்டோம்.

ஐப்பசியில் மழை பெய்து கண்மாய் பெருகினால் நடவு தொடங்கிவிடும். திண்ணை நண்பரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.