பெயின்ட் அப்புறம், பெடல் முதலில்

பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை நம்ம திருப்பூர்ப் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் பணம் பெயின்ட், குரோம் பம்பர், சீட் கவர் என்றே போகிறது. பிரேக், கிளட்ச் பெடல்கள் ஆடுகிற ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் செலவை அங்கேதான் செய்ய வேண்டும்.

பனியன் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். நிட்டிங் மெஷினோ காரோ, புஷ் தேயும் கதை ஒன்றுதான். ஷாஃப்ட் கெட்டியான எஃகு. கன்மெட்டல் புஷ் அதைவிட மிருது. தேய்ந்தால் விலை குறைந்த புஷ் தேயட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. கிரீஸ் காய்ந்து மண் புகுந்தால் ஏற்பாடு தலைகீழாகிவிடும். மணல் துகள் புஷ்ஷில் பதிந்து, உப்புத்தாள் போல ஷாஃப்ட்டையே தேய்க்கும்.

"ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்தானே?" என்பார்கள். பெடல் ஒரு நெம்புகோல். அதன் விகிதம் ஒன்றுக்கு ஐந்து என்றால், பின் ஓட்டையில் உள்ள 1 மி.மீ. ஆட்டம் காலடியில் 5 மி.மீ. வீண் மிதியாகும். பல்லடம் ரோட்டில் முன்னே போகிற லாரி சட்டென நிற்கும்போது அந்த வீண் மிதிக்கு நேரம் ஏது?

"புஷ் ராடை நீட்டி விட்டால் போச்சுங்க" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் ஆட்டம் மறையும், தேய்மானம் மறையாது. கொஞ்சம் அதிகமாக நீட்டிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. பிரேக் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, மிதிக்காமலே பிரேக் பிடித்துச் சூடேறும்.

சரியான வேலை இதுதான். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். புஷ்ஷை இறுக்கி ஏற்றினால் உள்துளை சற்றுச் சுருங்கும்; ஏற்றிய பிறகுதான் ரீமர் விட வேண்டும். நீள்வட்டமாகிவிட்ட பின் ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பி, மறுபடி துளைக்க வேண்டும். பின்னும் ஸ்பிளிட் பின்னும் புதிது. கிரீஸ் வைத்து மாட்டியதும் பெடல் சிக்காமல் தானாக மேலே வரவேண்டும். ஃப்ரீ பிளே வைப்பது கடைசி.

அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் புஷ்ஷுக்காக எந்தக் கம்பெனியையும் எதிர்பார்க்க வேண்டாம். நம்மூர் லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். பெயின்ட் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகையும் அல்ல.

இந்தக் கார்களைத்தான் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் குழந்தைகள் நடந்து வருவார்கள். அதனால் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள், பளபளப்பைப் பார்க்கும் முன் குனிந்து பெடலைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.